பின்னால் உட்கார ஒரு ஆள்

பானுப்பிரியாவுக்குக் கோபம் வந்தது ஒரு வெளிநாட்டு விளையாட்டின் கதையைப் படித்துத்தான். கி.பி. ஆறாயிரமாம். ஒரு நட்சத்திரத்தையே பிடித்து எஞ்சினுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்களாம். சோறு என்று சொன்னால் சுவரிலிருந்து சோறு வருமாம், துணி என்றால் துணி வருமாம். அப்பேர்ப்பட்ட கப்பலில் மேல்தளத்தில் ஒரு ராஜா, நடுத்தளத்தில் நாலு பிரபுக்கள், அடித்தளத்தில் புழுதி தின்று சாகிற ஜனம். சீ, இந்தக் கண்றாவிக்கா நாலாயிரம் வருஷம் காத்திருக்கணும்?

அவள் வேலை பார்த்த இடம் விருதுநகரிலிருந்து சூலக்கரைக்குப் போகிற ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. முதலாளி பாலகுரு. அவருடைய அப்பா சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அச்சடித்துச் சம்பாதித்தவர். மகன் செல்போன் விளையாட்டு செய்கிறேன் என்று கம்பெனி ஆரம்பித்திருந்தார். அதே மாதிரி ராஜா வைத்த விண்வெளிக் கப்பல் விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதற்குக் கதை எழுதத்தான் பானுப்பிரியாவை எடுத்திருந்தார். எடுத்து ஒரு வருஷமாகியும் இன்னும் டிரெயினிங்தான், வேலை நிரந்தரமாகவில்லை.

"ராஜாவைத் தூக்கிருவோம் சார்," என்றாள் பானுப்பிரியா. "எந்த விளையாட்ட எடுத்தாலும் இதேதான். வெளிச்சத்தை விட வேகமாப் போற கப்பலை யோசிக்கத் தெரியுது. முதலாளி இல்லாத ஒரு ஊரை யோசிக்கத் தெரியல இவங்களுக்கு. சோம்பேறித்தனம் சார் இது."

'முதலாளி' என்ற வார்த்தை வாயைவிட்டு வந்த பிறகுதான் எதிரே இருப்பவர் யார் என்று உறைத்தது. பாலகுரு கோபப்படவில்லை, சிரித்தார்.

"சோம்பேறித்தனம் இல்ல பானு. ஆபீஸ்ல நாள் பூரா ஏச்சு வாங்குறவன் சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட வர்றான். அவனுக்கு ஏச ஒரு ஆள் வேணும். எல்லாரும் சமம்னு வைங்க, மூணாம் நாள் எவனும் உள்ள வரமாட்டான்."

"வருவாங்க சார்."

"சரி, வச்சுப் பாப்போம். ராஜா இல்லாத கப்பலை நீங்க எழுதுங்க. இருபது பேரை விளையாட விடுவோம். ஏழு நாள். ஒருத்தருக்கு மேல ஒருத்தர்னு இல்லாம ஏழு நாள் ஓட்டிட்டாங்கன்னா உங்க கதைதான், உங்க வேலையும் நிரந்தரம். ஓட்டலைன்னா அடுத்த மாசம் வேற ஆள் பாத்துக்கிறேன். ஆனா விளையாடுறவங்க யாருக்கும் இதைச் சொல்லக்கூடாது."

அவள் உடனே தலையாட்டிவிட்டாள். நிரந்தரம் என்ற ஒரு வார்த்தைக்காக அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள். காரணம் வீட்டில் இருந்தது.

ஆனைக்குட்டத்தில் அவளும் அம்மாவும்தான். அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. அம்மா பேச்சியம்மாளுக்குப் பட்டாசு ஆபீஸில் (பட்டாசுத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) வெடிமருந்து அடைக்கிற அறையில் வேலை, இருபது வருஷமாக. அலுமினியப் பொடி முழங்கை வரைக்கும் வெள்ளியாகப் படிந்திருக்கும், காது மடலில், இமை முடியில்கூட மினுங்கும். போன மழைக்காலத்திலிருந்து படுத்தால் மூச்சு விட முடியவில்லை, உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறாள். இனி அந்த அறைக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். "உனக்கு வேலை நிரந்தரமாகட்டும்த்தா, மறுநாளே நின்னுக்கிறேன்," என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். ஏதோ ஆய்வு என்று மூன்று வாரமாகப் பட்டாசு ஆபீஸ் சாத்திக் கிடந்தது. இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை திறக்கிறார்கள். அதற்குள் இந்த ஏழு நாள் முடிந்துவிடும்.

அந்த ஆபீஸுக்குக் காலையில் கம்பெனி வேன் வரும். பேக்கிங்காரர்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள் எல்லாம் சீட்டில் உட்காருவார்கள். மருந்து அறை ஆட்களுக்குச் சீட்டு கிடையாது, வேனின் கடைசியில் சாக்கு விரித்திருக்கும், அதில்தான். கேட்டால் மருந்து ஒட்டும் என்பார்கள். சாயங்காலம் திரும்பும்போது ஒட்டத்தான் செய்யும், அதில் பொய்யில்லை. ஆனால் தலைக்கு ஊற்றி, துவைத்த சேலை கட்டி, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருகிற காலை நேரத்திலும் பேச்சியம்மாளுக்கு அந்தச் சாக்குதான். இந்தக் கேவலத்தை எவரும் கேட்டதில்லை, பேச்சியம்மாளும் கேட்டதில்லை.

பானுப்பிரியா எழுதிய கப்பலில் எல்லாவற்றையும் எந்திரம் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு வேலை மட்டும் மனுஷருக்கு. எஞ்சின் அறைக்குள் போய் ஒரு பளிங்கு உருளையைத் துடைக்க வேண்டும். அதை எல்லாரும் முறை வைத்து, தினம் மூன்று பேராகச் செய்ய வேண்டும். துடைத்தவர் உடையில் தூசி படியும், இரண்டு நாளில் தானாகப் போய்விடும். அதனால் ஒரு தீங்கும் கிடையாது. கஷ்டத்தையும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்கிற ஜனம் என்று காட்ட நினைத்தாள், பாவி.

"தூசி என்ன கலர்ல வேணும் பானு?" என்று கேட்டாள் படம் வரைகிற அப்சானா. விருதுநகர் டவுன்காரி, கடைவீதியில் அவள் வாப்பாவுக்கு மளிகைக் கடை.

"வெள்ளி," என்றாள் பானுப்பிரியா, டீயை ஆற்றிக்கொண்டே. யோசித்துச் சொன்னதில்லை. வேலை முடிந்து வருகிற ஆள் என்றால் பிறந்ததிலிருந்து அவள் கண்ணுக்கு அந்த நிறம்தான்.

விளையாட இருபது பேர் வேண்டும். வெளியூரிலிருந்து ஆள் பிடித்தால் செலவு என்று பாலகுரு கணக்குப் போட்டார். "உங்க ஊர்ல பட்டாசு ஆபீஸ் இல்லாமச் சும்மாதானே இருக்காங்க, அவங்களையே பிடிங்க," என்றார். பானுப்பிரியா தெருவில் போய்ச் சொன்னதும் இருபது பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு செல்போன், அதில் அவரவர் ஆட்டிவைக்க நெஞ்சில் ஒரு நம்பர் போட்ட பொம்மை. அவரவர் வீட்டில் இருந்தபடியே மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை கப்பலில் வாழலாம், ஒருவர் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். பேச்சியம்மாளுக்கு எட்டாம் நம்பர். பக்கத்து வீட்டு யோகலட்சுமிக்கு மூன்று. யோகலட்சுமி பேக்கிங்காரி, வேனில் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு அவளுடையது.

முதல் நாள் துடைக்கிற மூன்று பேரில் யோகலட்சுமி முதல் ஆள். உள்ளே போய்த் துடைத்துவிட்டு, உடம்பெல்லாம் வெள்ளியாக மினுங்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தாள். பாலகுருவின் ஆபீஸ் சுவரில் இருந்த பெரிய திரையில் பானுப்பிரியாவும் அப்சானாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எட்டாம் நம்பரிலிருந்து குரல் வந்தது.

"ஏ யோகலட்சுமி, நில்லு நில்லு! அங்கன எங்க வார? பின்னால போயி உக்காரு. மருந்து ஒட்டும்ல!"

இருபது போனிலும் சிரிப்பு. யோகலட்சுமியும் சிரித்துத் தொலைத்தாள், வேறு என்ன செய்வாள்! பானுப்பிரியா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். போடு அம்மா, அப்படிப் போடு, இருபது வருஷத்துக் கடனை ஒரே போடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று உள்ளுக்குள் கொண்டாடினாள். அப்சானாவுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை.

"வெள்ளி கலர் நல்லாத்தானே இருக்கு? எதுக்குப் பின்னால போகச் சொல்றாங்க?"

"அது எங்க ஊர் விஷயம்," என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

இரண்டாம் நாள் துடைத்துவிட்டு வந்த மூன்று பேரிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்களாகவே நேரே கூடத்தின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தார்கள். பானுப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் கடைசி மேசையைத் தனியாக இழுத்துப் போட்டார்கள். நாலாம் நாள் முறை வந்த மூன்று பேர் போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏற்கெனவே பூசிக்கிட்டு மூணு பேரு இருக்காகள்ல, அவுகளே போகட்டும். நாங்க வேற எதுக்கு அழுக்காகணும்?" என்றது ஒரு குரல். சரிதானே என்றன பல குரல்கள். எட்டாம் நம்பர்தான் யார் போவது என்று பேர் வாசித்தது. அப்படி வாசிக்கச் சொல்லி எந்த எந்திரமும் சொல்லவில்லை, பானுப்பிரியா ஒரு வரிகூட எழுதவில்லை. சுவரைக் கேட்டால் சோறு தருகிறது. ஒருத்தருக்கும் பசி இல்லை, பஞ்சம் இல்லை, மேஸ்திரி இல்லை. நாலே நாளில் வேன் சாக்கை இங்கேயும் விரித்துவிட்டார்களே! அதுவும் விரித்தது அவளுடைய அம்மாவே.

வீட்டில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீ இப்படிச் செய்தால் என் வேலை போய்விடும், நீ மறுபடியும் அந்த அறைக்குள் போக வேண்டியதுதான் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பாலகுருவின் கண்டிஷன் அவளைத் தடுத்தது. கண்டிஷனைவிட வீம்பு அதிகமாகத் தடுத்தது. சொல்லித் திருத்தினால் அது என்ன சமம்?

ஐந்தாம் நாள் பதினேழாம் நம்பர் சோலையம்மாள் நேர்த்திக்கடன் என்று இருக்கன்குடிக் கோயிலுக்குப் போய்விட்டாள். அந்த இடம் காலியாக இருந்தது.

"நான் பதினேழா உள்ள போறேன் சார்," என்றாள் பானுப்பிரியா.

"தாராளமாப் போங்க. ஆனா வாயத் திறக்கக்கூடாது, குரல் தெரிஞ்சுபோகும்," என்றார் பாலகுரு.

அவள் திட்டம் லேசானது. யாரும் பேர் வாசிக்குமுன் தானாகப் போய்த் துடைப்பது. வெள்ளியோடு வந்து முன்மேசையில் உட்காருவது. ஒட்டவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்தால் புத்தி வந்துவிடாதா? போனாள், துடைத்தாள், வந்தாள். முன்மேசையில் எட்டாம் நம்பருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேண்டுமென்றேதான் அங்கே உட்கார்ந்தாள். பெற்றவள் பக்கத்தில் உட்கார என்ன பயம்?

"ஏ பதினேழு, என்ன கொழுப்பா?" என்றது அம்மாவின் குரல். "எந்திரிடி."

அவள் எழுந்திருக்கவில்லை.

"சொல்லிக்கிட்டே இருக்கேன், மரம் மாதிரி உக்காந்திருக்கா பாரு. எந்திரிடி! பின்னால போ. உனக்குன்னு உள்ள இடம் அதான்."

அந்தக் குரலைப் பானுப்பிரியா தன் ஆயுசில் கேட்டதில்லை. அம்மா கோபப்பட்டுக் கேட்டிருக்கிறாள், அழுது கேட்டிருக்கிறாள். இது வேறு. நாக்கில் வைத்து ருசித்துச் சொல்கிற குரல். நாலு பேர் வந்து பதினேழைத் தள்ளினார்கள். யோகலட்சுமியும் அதில் ஒருத்தி. முதல் இரண்டு நாளும் பின்னால் கிடந்தவள், வெள்ளி போனதும் இன்று முதல் ஆளாக வந்து தள்ளினாள். தீப்பிடித்தால் அடைக்க வேண்டும் என்று எஞ்சின் அறைக்கு ஒரு கதவு வைத்திருந்தாள் பானுப்பிரியா. அதற்குள் அவளைப் போட்டு அடைத்தார்கள்.

"கிடக்கட்டும் உள்ளயே. இனிமே அவளே துடைக்கட்டும், முறையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்," என்றாள் அம்மா. எல்லாரும் கைதட்டினார்கள்.

பாலகுரு எழுந்து வந்து திரையை நிறுத்தினார். "போதும் பானு. ஏழு நாள் எதுக்கு?" என்றார்.

அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வரும்போது வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு.

"வாத்தா. இன்னைக்குக் கூத்தக் கேளேன். எவளோ ஒரு மூதேவி, வெள்ளியப் பூசிக்கிட்டு வந்து எம்பக்கத்துல உக்காந்துட்டா! விட்டனா? உள்ள வச்சு அடைச்சுட்டோம்ல."

"அது நாந்தாம்மா."

தோசைக்கரண்டி அப்படியே நின்றது.

"சோலையம்மாள் இல்லையா?"

"அவுக இருக்கன்குடிக்குப் போயிட்டாக. நான்தான் உள்ள இருந்தேன். ஏழு நாள் யாரும் யாரையும் கீழ தள்ளாம இருந்தா எனக்கு வேலை நிரந்தரம்னாரு. நீ அஞ்சாம் நாளே கெடுத்துட்ட. திங்கக்கெழமை சாக்குல ஏறிப் போ, மருந்து அடை, மூச்சு முட்டிச் சாவு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்தது. "அந்தத் தூசி ரெண்டு நாள்ல போயிரும்னு எழுதியிருந்தேனே, படிக்கலையா நீ?"

பேச்சியம்மாள் அடுப்பை அணைத்தாள். கருகின தோசையைச் சுரண்டி எடுத்தாள்.

"எனக்குந்தான் கழுவினாப் போயிரும். எவ விட்டா?"

"அதுக்கு? நீ பட்டதை இன்னொருத்திக்குக் குடுப்பியா?"

"முன்னால உக்காந்து பாத்தேன்டி," என்றாள் அம்மா. மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை அது, நடந்ததைச் சொல்கிற குரல். "மொத நாளு சும்மா உக்காந்திருந்தேன், ஒண்ணும் தெரியல. எல்லாரும் உக்காந்திருக்காக, நானும் உக்காந்திருக்கேன், அதுல என்ன இருக்கு? யோகலட்சுமிய எந்திரின்னு சொன்னேன் பாரு, அப்பத்தான் நான் முன்னால இருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சுச்சு. பின்னால ஒருத்தி இல்லைன்னா அது என்ன முன்சீட்டு? வெறும் பலகை."

பானுப்பிரியா தட்டைத் தள்ளி வைத்தாள். அந்தத் தோசையைத் தொட முடியவில்லை. வெளிநாட்டில் உட்கார்ந்து ராஜா கதை எழுதுகிறவனைச் சோம்பேறி என்று திட்டினாளே! அவன் இந்த அடுப்படியைப் பார்க்காமலே சரியாக எழுதியிருக்கிறான். தூ, என்ன ஜென்மங்கள் நாம் என்று நினைத்தாள். நாம் என்று நினைத்ததில்தான் அதிகம் எரிந்தது, முதல் நாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தவள் அவள்தானே.

மறுநாள் பாலகுரு அவளைத் திட்டவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், பிஸ்கட் கொடுத்தார்.

"ராத்திரி பூராத் தூக்கம் வரல பானு. எம்புட்டு நல்ல கதை! ராஜா வேண்டாம், நீங்க சொன்னது சரிதான். ராஜாவே இல்லாத கப்பல், அதுல வெள்ளி ஜனம்னு ஒரு ஜனம். விளையாட வர்றவன் தினம் யாரைப் பின்னால அனுப்புறதுன்னு முடிவு பண்ணணும். நீங்களே எழுதுங்க. இன்னைக்கே உங்க வேலை நிரந்தரம். ஆனா ஒண்ணு. அந்த எட்டாம் நம்பர் குரல் எனக்கு வேணும். அந்தக் குரல் இல்லைன்னா இந்தக் கதையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். யாரு அது?"

"எங்க அம்மா சார்."

"அட! கூட்டிட்டு வாங்க."

சரி என்ற வார்த்தை அவர் முடிக்குமுன்பே அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அதற்காகத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை பேச்சியம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் மைக் முன்னால் அவளை நிறுத்தினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலகுருவும் அப்சானாவும். தாளில் எழுதியிருந்ததை அம்மா பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி வாசித்தாள். பாலகுரு உதட்டைப் பிதுக்கினார். மறுபடி வாசித்தாள், மறுபடியும் பிதுக்கினார். ஏழு தடவை ஆயிற்று. அம்மாவுக்கு வேர்த்து இருமல் வந்துவிட்டது.

"யாரும் இல்லாமச் செவத்தப் பாத்து எப்பிடிச் சொல்ல?" என்றாள்.

"இது சரியா வரலைன்னா விட்ருவோம் பானு," என்று பாலகுருவின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. திங்கட்கிழமைக்கு ஒரு நாள்தான் நடுவில் இருந்தது.

பானுப்பிரியா அறைக்குள் போனாள். மைக்குக்கு அந்தப் பக்கம் அம்மாவுக்கு நேர் எதிரே நின்றாள்.

"என்னையப் பாத்துச் சொல்லும்மா."

"உன்னையப் பாத்தா எப்பிடிடி வரும்?"

"அன்னைக்கு வந்துச்சுல்ல?"

"அது நீயின்னு தெரியாது."

"திங்கக்கெழமை அந்த அறைக்குப் போகணுமா, வேண்டாமா? சொல்லு."

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்தாள். மகளைக் காலிலிருந்து தலை வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த முகத்திலிருந்து ஏதோ ஒன்று விலகிப் போனது.

"எந்திரிடி. பின்னால போ. உனக்குன்னு உள்ள இடம் அதான்."

பானுப்பிரியாவின் கால்கள் அவளைக் கேட்காமலே இரண்டடி பின்னால் போயிருந்தன, முதுகு சுவரில் இடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலகுரு குதித்துக் கைதட்டினார். அப்சானா குனிந்துகொண்டாள்.

"அருமை! எதுக்கும் இருக்கட்டும், இன்னொரு தடவை எடுத்துக்குவோம்," என்றது ஸ்பீக்கர்.

"ஏத்தா," என்றாள் அம்மா, அவளுடைய சாதாரணக் குரலில். "அங்கன நின்னா எப்பிடி? முன்னால வா, அப்பத்தான மறுபடி சொல்ல முடியும்."

பானுப்பிரியா முன்னால் வந்து நின்றாள். இரண்டாவது தடவை அம்மா இன்னும் நன்றாகச் சொன்னாள்.